அரசுப் பள்ளிக்காகப் பேசும்போது வாசிப்பை முன்வைப்பது எப்படி?

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினால், சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, பழுதான மின்விசிறி என்று கோரிக்கைகள் மாதந்தோறும் வரிசை கட்டி நிற்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பத்தியைத் தாமாக வாசிக்கிறார்கள் என்ற கேள்வியை அதில் காண்பது அரிது. சுவரும் கழிப்பறையும் தேவையே. ஆனால் இடிந்த சுவரைத் தெருவில் போகிறவரும் பார்த்துவிடலாம். வாசிக்கத் தெரியாத பிள்ளையோ வரிசையில் மற்றவர்களோடு சேர்ந்து பாடலைச் சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் மேல்வகுப்புக்குப் போய்விடுகிறது. பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் இந்தக் கேள்வியை எவ்வாறு எழுப்பலாம், எழுப்பிய பின் அதை எந்த மேசைவரை கொண்டு செல்லலாம் என்பதே இங்கே சொல்லப்படுவது.

முதலில் நிலையை அறிதல்

கையில் எண் இல்லாமல் அலுவலகப் படியேறினால், "எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். மாநில அளவிலான, நாட்டளவிலான புள்ளிவிவரமும் அங்கே பெரிதாக உதவாது. ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் ஏசர் ஆய்வின்படி, இந்திய அளவில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்பு மாணவர்களின் பங்கு 2018இல் 27 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக இருந்து, பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 20.5 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சரிவின் காரணம் விளங்கும். இவை பின்னணியாக நிற்கட்டும். வட்டாரக் கல்வி அலுவலரை அசைப்பது உங்கள் ஊர்ப் பள்ளியின் எண் மட்டுமே.

அதை அறிவதற்கு ஏசர் பின்பற்றும் முறையே போதுமானது. ஒரே தாளில் நான்கு படிகளை எழுதிக்கொள்ளுங்கள்: பத்து எழுத்துகள், பத்து எளிய சொற்கள், முதல் வகுப்பு நிலையில் நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் எட்டு அல்லது பத்து வரிக் கதை. எழுத்துகளில் அ, ஆ போன்ற உயிரெழுத்துகளை மட்டும் வைத்தால் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் தேறிவிடுவார்கள். தடுமாற்றம் தொடங்குவது உயிர்மெய்யில்தான். அதிலும் கொ, கோ, கௌ என எழுத்தின் இருபுறமும் குறி விழும் இடங்களிலும், கெ, கே என்ற குறில் நெடில் வேறுபாட்டிலும் அது வெளிப்படும். ஆகவே அவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பத்தியும் கதையும் பாடநூலில் இல்லாதவையாக இருக்க வேண்டும் என்பது இந்த முறையின் உயிர்நாடி. பாடநூலை நீட்டினால், பலமுறை கேட்டு மனப்பாடமான பாடத்தைப் பிள்ளை விரலை ஓட்டியபடி ஒப்புவித்துவிடும். பெற்றோர் அதை வாசிப்பு என்று நம்பிவிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்தி, மற்றவர்கள் காதில் விழாதபடி வாசிக்கச் சொல்லுங்கள். பெற்றோரின் இசைவைப் பெற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியல் எக்காரணம் கொண்டும் கூட்டத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ வரக்கூடாது. வெளியே செல்ல வேண்டியது வகுப்புவாரியான எண்ணிக்கை மட்டுமே. அதே தெருவில் தனியார் பள்ளி வேனில் செல்லும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அவர்களிலும் பலர் தமிழ்ப் பத்தியில் திணறுவதைக் கண்டால், "அரசுப் பள்ளி என்றாலே இப்படித்தான்" என்ற பேச்சு அடங்கும். பள்ளியிலிருந்து பிள்ளைகளை விலக்குவதற்கு இந்தக் கணக்கெடுப்பே சாக்காகிவிடும் ஆபத்தும் நீங்கும்.

ஆசிரியரை அருகில் வைத்துக்கொள்ளுதல்

கணக்கு கையில் வந்தவுடன் அதை முதலில் பார்க்க வேண்டியவர் தலைமை ஆசிரியர். அவரைத் தாண்டி மேலே புகார் சென்றால் அன்றே வகுப்பறையின் கதவு உங்களுக்கு மூடிவிடும். 2022-23ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கிறார்கள். ஆகவே எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். "உங்கள் பதிவில் மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் அரும்பு நிலையில் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். உங்கள் எண்ணும் அவரது எண்ணும் ஒத்திருந்தால் வலுவான சான்று கிடைத்துவிட்டது. வேறுபட்டால், இருவரும் சேர்ந்து சில பிள்ளைகளை மீண்டும் வாசிக்க வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்து, பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கும் நேரத்தைத் தின்பது எது என்று அவரிடமே கேட்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ மாற்றுப்பணிக்கோ (தற்காலிகமாக வேறிடத்தில் பணியாற்ற) சென்றுவிட்டால், மீதமிருப்பவர் ஐந்து வகுப்பையும் ஓர் அறையில் அமர்த்தி அமைதி காப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது. செயலிகளில் விவரம் ஏற்றும் வேலையும் பாட நேரத்தையே அரிக்கிறது. இந்தக் காரணங்களை ஆசிரியர் எழுதிக் கொடுக்க முன்வர மாட்டார், அரசு ஊழியரான அவருக்கு அது எளிதும் அல்ல. அவற்றைக் கோரிக்கையாக எழுதக்கூடியவர்கள் பெற்றோரே.

சட்டத்தில் எதைப் பிடிப்பது

2009ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் நான்கைந்து இடங்களைத் தெரிந்துகொண்டாலே போதும். பிரிவு 21 பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கிறது; அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், மானியம் செலவாகும் விதத்தைப் பார்வையிடுவதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் இக்குழுவின் பணிகள். வாசிப்பை அந்த மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் ஏற்றுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 மாணவர்வரை 2 ஆசிரியர்களும், 61 முதல் 90வரை 3 பேரும், 91 முதல் 120வரை 4 பேரும் இருக்க வேண்டும். அதே அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்றும், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் நடக்க வேண்டும் என்றும் கூறுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு கல்விசாராப் பணியில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்பது பிரிவு 27.

இவற்றைத் தீர்மானமாக எழுதும்போது உணர்ச்சி உரை வேண்டாம். பின்வருவது போல எழுதலாம் (எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்):

"எங்கள் பள்ளியின் 3ஆம் வகுப்பில் பயிலும் 18 மாணவர்களில் 7 பேர் மட்டுமே பாடநூலில் இல்லாத எளிய பத்தியை வாசிக்கின்றனர் என்பது ஆசிரியர்களுடன் இணைந்து செய்த மதிப்பீட்டில் தெரிய வருகிறது. அனுமதிக்கப்பட்ட 2 ஆசிரியர் பணியிடங்களில் ஒன்று ஜூன் முதல் காலியாக உள்ளது. அதை நிரப்பும்வரை மாற்றுப்பணியில் ஓர் ஆசிரியரை 30 நாட்களுக்குள் அமர்த்துமாறும், வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர் மாதம் இருமுறை வந்து வாசிப்புப் பயிற்சிக்கு வழிகாட்டுமாறும் கோருகிறோம்."

யார், எதை, எந்த நாளுக்குள் என்ற மூன்றும் இருந்தால்தான் அது கோரிக்கை. "கல்வித் தரத்தை உயர்த்த வேண்டும்" என்று எழுதினால் அதைப் பெறுகிற அலுவலர் மனமார வழிமொழிந்து கோப்பில் வைத்துவிடுவார்.

எங்கே, எப்போது கொடுப்பது

தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் பதிவேற்றுவதோடு நிறுத்தாமல், தாள் வடிவில் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழிந்தும் அசைவில்லையெனில் மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி), அதன்பின் முதன்மைக் கல்வி அலுவலர் என்று படிப்படியாகச் செல்லலாம். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32இன் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் அளிக்கும் முறையீட்டுக்கு மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும் என்பதைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை.

காலம் முக்கியம். ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படுவதால், கூடுதல் ஆசிரியர் கேட்பவர்கள் ஜூன், ஜூலை மாதங்களிலேயே சேர்க்கையையும் தீர்மானத்தையும் முடித்துவிட வேண்டும். டிசம்பரில் கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள், அது பொய்யும் அல்ல.

நிதி இல்லை என்ற பதில் வந்தால் எந்த நிதி என்று கேளுங்கள். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் 2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஒன்றிய அரசுப் பங்கு நிறுத்தி வைக்கப்பட்டது உண்மை. ஆனால் ஏற்கெனவே அனுப்பப்பட்ட கதைப் புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடப்பதற்கு அது காரணமாகாது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்களும், 'ஊஞ்சல்' இதழும் பிள்ளைகள் கைக்குப் போகின்றனவா என்று பார்ப்பதற்குப் பணம் தேவையில்லை.

பதில் மழுப்பலாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவுக்கு 30 நாட்களில் பதில் தரப்பட வேண்டும். 'ஏன்' என்று கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, கடந்த கல்வியாண்டில் ஆசிரியர் மாற்றுப்பணியில் சென்ற நாட்களும் அதற்கான ஆணைகளின் நகல்களும், நூலகப் புத்தக இருப்புப் பதிவேட்டின் நகல்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. நகரங்களில் பகுதி சபை. ஜூலையில் எடுத்த வாசிப்புக் கணக்கை ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வைப்பது பொருத்தமாக இருக்கும். அங்கே ஊராட்சியின் கையில் இருப்பதை மட்டும் கேளுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் ஊரார் செலுத்துகிறார்கள் என்பதால், ஊர்ப்புற நூலகத்தைப் பள்ளி விடும் நேரத்தில் திறந்து வைக்கவும், பிள்ளைகளை உறுப்பினராக்கவும் தீர்மானம் போடலாம்.

அதே நான்கு படித் தாளை, வேறு பத்தியும் வேறு கதையும் எழுதி, பிப்ரவரியில் மீண்டும் எடுத்துச் செல்லுங்கள். ஜூலைக் கணக்கும் பிப்ரவரிக் கணக்கும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்குமாறு எழுதி, மார்ச் மாதக் குழுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரே அதை வாசிக்கட்டும். எண் உயர்ந்திருந்தால் அதற்கான பெயர் ஆசிரியருக்குப் போக வேண்டும், உயரவில்லையெனில் ஜூன் மாதத் தீர்மானத்தின் முதல் வரி அங்கிருந்தே கிடைக்கும்.