கிருமிநாசினி வாயு: சுவரை மறந்தால் வரும் தவறுகள்

ஓர் அறையைக் கிருமிநாசினி வாயுவால் சுத்திகரிக்கும்போது, அதன் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி, இத்தனை கன மீட்டருக்கு இத்தனை மருந்து என்று கணக்கை முடித்துவிடுவதுதான் முதல் தவறு. அந்தக் கணக்கில் சுவர் இல்லை. கூரைப் பலகை, கம்பளம், திரைச்சீலை, அட்டைப்பெட்டி என எல்லாமே வாயுவில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைப் பாருங்கள். கண்ணாடியும் எபாக்சி பிசின் பூசிய தரையுமாக இருக்கும் அறையில் அதன் செறிவு ஓரளவு நிலைத்து நிற்கும். பூச்சில்லாத கான்கிரீட் சுவரும் நுண்துளைக் கூரைப் பலகையும் இருந்தால் மளமளவென்று இறங்கிவிடும். கான்கிரீட் அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. அட்டையும் துணியும் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. ஆகவே ஒரே தடவை விட்டுவிட்டுப் போனால் போதாது, இழப்பை ஈடுகட்டத் தொடர்ந்து செலுத்த வேண்டும். அளவுமானியை அறையின் நடுவில் மட்டும் வைப்பதும் ஏமாற்றும். அலமாரிக்குப் பின்னால், மூலையில் என்ன செறிவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஈரப்பத விஷயத்தில் ஒரு வாயுவின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது. 2001இல் ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமியின் வித்துகளை வைத்து அனுப்பிய கடிதங்களுக்குப் பிறகு, வாஷிங்டனில் ஹார்ட் செனட் கட்டடத்தின் ஒரு பகுதியைச் சுத்திகரிக்கக் குளோரின் டை ஆக்சைடைப் பயன்படுத்தினார்கள். வித்துகளைக் கொல்ல அந்த வாயுவுக்கு 75 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் தேவை. பெராக்சைடின் உலர்முறையிலோ முதலில் காற்றை உலர்த்துவார்கள். குளோரின் டை ஆக்சைடு வெளிச்சத்தில் சிதையும், ஜன்னலை மறைக்க வேண்டும். சாயத்தை வெளுக்கும், பூச்சில்லாத இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஓசோன் "நாற்றத்தைப் போக்கும்" என்று விற்கப்படுகிறது. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கம்பளத்திலும் லினோலியத் தரைவிரிப்பிலும் படும்போது அது ஆல்டிஹைடுகள் என்ற நெடியுள்ள சேர்மங்களை உண்டாக்கும். போன நாற்றத்துக்குப் பதில் புது நாற்றம். எலுமிச்சை வாசனைத் திரவத்தால் துடைத்த கையோடு ஓசோனை ஓட்டினால் ஃபார்மால்டிஹைடே உருவாகும். இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில் ஓசோனால் விரிசல் விழும்.

கிருமிநாசினி வாயுவாகவும் பயன்படும் ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. குளிர்ந்த பரப்புகளில் அது வெள்ளைப் பொடியாகப் படிந்து, பிறகு மெல்ல மெல்ல வாயுவாக வெளியேறும்.

கடைசியில் வருவதுதான் ஆளையே பாதிக்கும் தவறு. காற்றோட்டம் விட்டு, மானி பூஜ்யம் காட்டியதும் ஆட்களை உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். உறிஞ்சிய பொருள்கள் அந்த நேரத்திலும் வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கும். காற்றோட்டத்தை நிறுத்தி, கதவைச் சாத்தி, சிறிது நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 8 மணி நேர வேலைக்குப் பெராக்சைடின் வழக்கமான வரம்பு 1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), குளோரின் டை ஆக்சைடுக்கு 0.1 பிபிஎம். மெத்தையும் காகிதக் கட்டுகளும் உள்ள அறையானால் இந்த இரண்டாம் அளவீட்டில் எண் மீண்டும் ஏறும். அப்போது திரும்பக் காற்றோட்டம் விட வேண்டியதுதான்.