பழைய பந்தயப் புறாவின் பரம்பரையை நிறத்தை வைத்துச் சரிபார்ப்பது எப்படி

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் பின்வளவுப் புறாக் கூட்டைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் லேமினேட் பண்ணிய ஒரு தாள் இருக்கும். நாலு தலைமுறை விபரம், மேலே பெரிய எழுத்தில் ஜான்சன் அல்லது டெல்பார் அல்லது ஸ்டிஷெல்பாட். எல்லாம் பேர்போன பெல்ஜியப் பந்தயப் புறா வம்சங்கள். “அண்ணை, இது ஒரிஜினல் ரத்தமா?” என்று கேட்பார்கள். நிறத்தைப் பார்த்து ஒரு புறாவை ஜான்சன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குஞ்சு இந்தத் தாய்க்குப் பிறந்திருக்க முடியாது என்று நிறம் அடித்துச் சொல்லும். பரம்பரை தேடுகிறவருக்கு அது பெரிய உதவி. தவறான கிளைகளை வெட்டிக்கொண்டே போனால் மிஞ்சுவதை நம்பலாம்.

முதலில் புறாவின் காலில் கிடக்கும் ரிங். பெல்ஜிய ரிங்கில் நாட்டின் சுருக்கம், ஆண்டு, ஏழு இலக்க எண் இருக்கும். ஒல்லாந்து ரிங் என்.எல். என்றும், பிரித்தானிய ரிங் ஜி.பி. என்றும், ஜெர்மன் ரிங் டி.வி. என்றும் தொடங்கும். மூட்டில்லாத ரிங்கை குஞ்சுக்கு ஒரு வாரம் ஆகும்போது மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு கால் பெருத்துவிடும், ரிங் ஏறாது. ஆகவே ரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். வெட்டி ஒட்டிய கோடு தட்டுப்பட்டால் அந்தத் தாளை வாசிப்பதே வீண்.

அப்புறம் ஆண்டுக் கணக்கு. பெல்ஜியத்தின் ஆரெண்டொங்க் ஊரில் ஜான்சன் சகோதரர்கள் வளர்த்த புறாக்களில் 1967இல் பிறந்த ‘பழைய மெர்க்ஸ்’ உலகம் முழுக்கப் பேர் போனது. 2022 ரிங் போட்ட புறாவின் தாத்தா அது என்று தாளில் இருந்தால் கணக்கு உதைக்கும். சேவல் பத்து வயது தாண்டியும் குஞ்சு தரலாம், பேடு அதற்கு முன்பே முட்டையை நிறுத்திவிடும். 55 வருடத்தை இரண்டு தலைமுறையால் கடக்க முடியாது. ஐந்து தலைமுறை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு முன்னோரின் பங்கு சராசரியாக 32இல் ஒன்று. அதே பெயர் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பங்குகளைக் கூட்ட வேண்டும். பழைய வளர்ப்பாளர்கள் நெருங்கிய உறவுக்குள் சோடி சேர்த்தது அந்தப் பங்கைத் தக்கவைக்கத்தான். பெயர் ஒரே ஒரு மூலையில் மட்டும் இருந்தால், அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இனி நிறம். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

புறாவுக்கு அடிப்படை நிறம் மூன்றுதான்: சாம்பல் சிவப்பு, புளூ, பழுப்பு. நாங்கள் ரெட் செக்கர் (சிறகில் சிவப்புக் கட்டம்), மீலி (சிறகில் சிவப்புப் பட்டை) என்று சொல்வதெல்லாம் சாம்பல் சிவப்பில் அடங்கும். பழுப்பு பந்தயப் புறாக்களில் அரிது, விட்டுவிடலாம். புளூவின் மூல வடிவத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிலாவெளியில் படகேறிப் புறாத்தீவுக்குப் போகலாம். அந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்த காட்டுப் புறாக்கள் புளூ பார்தான்: சாம்பல் உடம்பு, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, வால் நுனியில் ஒரு கரும்பட்டை. எங்கள் நாட்டுக் காட்டுப் புறாவுக்கு இடுப்பும் சாம்பல், ஐரோப்பியப் புறாவுக்கு அது வெள்ளை.

அடிப்படை நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு, சேவலா பேடா என்பதோடு தொடர்புள்ள இசட் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பேட்டுக்கு ஒன்றுதான். மகள் தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்து வாங்குகிறாள். மகன் ஒன்றைத் தாயிடமும் மற்றதைத் தகப்பனிடமும் வாங்குகிறான். சாம்பல் சிவப்பு புளூவை அடக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றது தானாக வரும். புளூவும் புளூவும் சேர்ந்தால் சாம்பல் சிவப்புக் குஞ்சு வராது. தாய் சாம்பல் சிவப்பென்றால் மகன்கள் எல்லாரும் சாம்பல் சிவப்பு. தகப்பன் புளூ என்றால் மகள்கள் எல்லாரும் புளூ. புளூ சேவலோடு ரெட் பேட்டைச் சேர்த்தால் குஞ்சுகளின் நிறமே சேவலையும் பேட்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

சிறகுக் கோலத்துக்கு வேறு மரபணு. அது இசட்டில் இல்லை, அதனால் சேவல் பேடு வித்தியாசம் கிடையாது. வெல்வெட் என்று சொல்லும் அடர் செக்கர் மேலே, அடுத்து செக்கர், அதற்குக் கீழே பார், எல்லாவற்றுக்கும் அடியில் பட்டையே இல்லாதது. மேலே உள்ளது கீழே உள்ளதை மறைக்கும். இரண்டு செக்கருக்கு பார் பிறக்கலாம், இரண்டு பாருக்கு செக்கர் பிறக்காது. 2018இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. செக்கர் கோலம் ஆப்பிரிக்காவின் புள்ளிப் புறா என்ற வேறொரு இனத்திலிருந்து கலப்பால் வந்தது என்று மரபணுவை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஹோமர் என்ற பந்தயப் புறாவை உருவாக்கியவர்களின் கூடுகளுக்குப் பல காலம் முன்பே அந்தக் கலப்பு நடந்துவிட்டது. என் கூட்டில் நிற்கிற ஒவ்வொரு செக்கர் புறாவிலும் அந்த ஆப்பிரிக்கப் பங்கு ஒரு துளி இருக்கிறது.

யாரையும் குற்றம் சொல்லுமுன் வாலை விரித்துப் பாருங்கள். சிவப்பில் இரண்டு வகை உண்டு. சாம்பல் சிவப்புப் புறாவின் வாலும் சிறகு நுனிகளும் வெளிறிய சாம்பலாக இருக்கும், கரும்பட்டை இருக்காது. இன்னொன்று ஒடுங்கிய சிவப்பு, அதாவது அடக்கும் மரபணு கூட இருந்தால் ஒளிந்துகொள்ளும் சிவப்பு. அதற்கு வால் உட்பட உடம்பெல்லாம் சிவப்பு. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு மறைந்த பிரதி வைத்திருந்தால் இரண்டு புளூவுக்கும் அது பிறக்கும். அது கீழே உள்ள நிறம், கோலம் எல்லாவற்றையும் மூடிவிடும். அப்படி ஒரு புறா குடும்பத்தில் நின்றால் மேலே சொன்ன விதிகளை அதன்மேல் பிரயோகிக்க வேண்டாம். கறுப்பிலும் இதே சிக்கல். உண்மையான கறுப்புக்கு வால் முழுக்க ஒரே கறுப்பு, பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணு இருந்தே ஆக வேண்டும். வாலில் பட்டை தெரிந்தால் அது கடும் வெல்வெட்தான், கறுப்பு இல்லை. இறகில் வெள்ளை கலந்து தெரியும் கிரிசிலும் ஒளிந்திருக்காது. கிரிசில் குஞ்சுக்குப் பெரும்பாலும் கிரிசில் தாயோ தகப்பனோ இருக்கும். வெள்ளை இறகு, வெள்ளைத் தலை போன்றவற்றைச் சாட்சியாக எடுக்காதீர்கள். அவற்றின் பின்னால் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

வெளிறிய நிறம் உள்ள புறாக்களுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. முட்டையிலிருந்து வரும்போதே மஞ்சள் பூந்தூவி (குஞ்சின் மென்மயிர்) குட்டையாக, கிட்டத்தட்ட மொட்டையாக இருக்கும். பிறந்த அன்றே கொப்பியில் எழுதி வையுங்கள், பிறகு தெரியாது. அதுவும் இசட்டில்தான், ஆனால் ஒடுங்கியது. வெளிறிய தகப்பனுக்கு எல்லா மகள்களும் வெளிறியவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் சாம்பல் சிவப்புச் சேவலின் கறுப்புப் பொட்டு. காலை வெயிலில் சிறகை விரித்துப் பிடியுங்கள். சாம்பல் இறகில் பேனை கசிந்தது போல அங்கொன்றும் இங்கொன்றும் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அந்தச் சேவல் புளூவை மறைத்து வைத்திருக்கிறது. வயது ஏற ஏறப் பொட்டும் கூடும். பேட்டுக்கு இசட் ஒன்றே என்பதால் மறைத்து வைக்க அவளுக்கு இடமில்லை. சேவலின் தாய் தகப்பன் இருவருமே பொட்டில்லாத சாம்பல் சிவப்பு என்று தாள் சொல்லி, சேவலில் பொட்டு நிறைந்திருந்தால் தகப்பனைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

கிண்ணியாவில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன் ஒருவர்) வாங்கிய புளூ செக்கர் சேவலுக்குத் தாளில் தகப்பன் புளூ பார், தாய் ரெட் செக்கர். தாயின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். வால் வெளிறிய சாம்பல், சந்தேகமே இல்லை. கோலம் பொருந்தியது, நிறம் பொருந்தவில்லை.

“காக்கா, இந்தத் தாய் இதுக்குத் தாய் இல்லை.”

“அப்ப தாள் முழுக்கப் பொய்யா தம்பி?”

“தாய்ப்பக்கம் பிழை. தகப்பன் பக்கம் சரியெண்டும் பிழையெண்டும் நிறம் ஒண்டும் சொல்லேல்ல.”

விற்றவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. நல்ல சோடியின் முட்டையை வேறு சோடிக்குக் கீழ் மாற்றி வைப்பது எங்கும் நடக்கிற வேலை, மாற்றியதை எழுத மறந்தால் இப்படித்தான் வரும். திறந்த கூட்டில் பேடு பக்கத்துச் சேவலோடும் சேர்வாள். அதனால்தான் பரம்பரை முக்கியமான சோடியை நான் தனிப் பெட்டியில் வைக்கிறேன். சேர்க்குமுன் பேட்டை இரண்டு வாரம் சேவல் இல்லாத இடத்தில் விடுகிறேன்.

நிறம் பதில் சொல்லாத இடத்தில் சோதனைச் சோடி போடலாம். பொட்டில்லாத சாம்பல் சிவப்புச் சேவல் புளூவைச் சுமக்கிறதா என்று தெரிய வேண்டுமா? புளூ பேட்டோடு விடுங்கள். ஒரே ஒரு புளூ குஞ்சு வந்தாலும் விடை கிடைத்துவிட்டது. அது சுமந்தும்கூட ஆறு குஞ்சும் சிவப்பாக வர வாய்ப்பு 64இல் ஒன்றுதான். ஒடுங்கிய சிவப்பைத் தேடினால் ஒடுங்கிய சிவப்புப் புறாவோடு சேர்க்க வேண்டும். திருகோணமலையில் இதை மாரி முடிந்த பிறகு தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குஞ்சு வளர்ப்பது புறாவுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்.

காசு செலவழிக்கத் தயார் என்றால் டி.என்.ஏ. பெற்றோர் சோதனை இருக்கிறது. நெஞ்சிலிருந்து வேரோடு பிடுங்கிய சில இறகுகள் போதும். தாய், தகப்பன், குஞ்சு மூன்றினதும் வேண்டும். அதுவும் ஜான்சனா என்று சொல்லாது, இவர்களுக்குப் பிறந்ததா என்றுதான் சொல்லும்.

கடைசியாகப் பதிவு. ஒரு சி.ஆர். கொப்பியில் ஒரு சோடிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ரிங் எண், இரண்டு பேரின் நிறமும் கோலமும், வாலின் நிறம், பொட்டு உண்டா இல்லையா, கண் முத்துவெள்ளையா செம்மஞ்சளா, முட்டை மாற்றினீர்களா, குஞ்சின் பூந்தூவி நீளமா குட்டையா. கண் நிறம் தெளியச் சில மாதம் ஆகும், அதற்கு இடம் விட்டு எழுதுங்கள். விரித்த சிறகு, விரித்த வால் இரண்டையும் வெயிலில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ரிங் எண் தெரிய வேண்டும். கடற்காற்றில் தாள் பூத்துப்போகும், ஆகவே கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனிலும் படமெடுத்து வையுங்கள். புறாவை விற்கும்போது அந்தப் பக்கத்தின் பிரதியையும் வாங்குகிறவர் கையில் கொடுங்கள்.