விரல் மூட்டு வலி உள்ளவருக்கு டார்ச் வாங்கும்போது செய்யும் தவறுகள்

கடையில் டார்ச்சை அமுக்கிப் பார்ப்பது ஒரு கை, வீட்டில் தினமும் அமுக்கப்போவது இன்னொரு கை. முதல் தவறே இதுதான். பெரியவரைக் கடைக்கு அழைத்துப் போக முடிந்தால் அவரையே இடது கையாலும் வலது கையாலும் பத்துப் பத்து தடவை அமுக்கச் சொல்லுங்கள். அழைத்துப் போக முடியாவிட்டால், உங்கள் விரல்களை மடக்கி முட்டியால் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். முட்டிக்கு எரியாத டார்ச்சை வாங்க வேண்டாம்.

ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிரில் விடிகாலையில் விரல்கள் விறைத்துப்போகும். முந்தின நாள் சாயங்காலம் சுலபமாக அமுக்கியவரே அந்நேரத்தில் தடுமாறுவார். அதனால் வாங்கி வந்த மறுநாள் காலை, எழுந்த கையோடு ஒருமுறை சோதியுங்கள். அதுவரை பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மிக முக்கியம். வால் பக்கம் பொத்தான் உள்ள டார்ச்சை முஷ்டியில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கட்டைவிரல் நுனியில் கொடுக்கும் அழுத்தம் அதன் அடிமூட்டில் பல மடங்காக விழும். தேய்மானம் அதிகம் வருகிற இடங்களில் அதுவும் ஒன்று. தலையைத் திருகி எரியவிடும் வகைக்கு இரண்டு மணிக்கட்டும் வேலை செய்ய வேண்டும். பழைய தகர டார்ச்சின் தள்ளு ஸ்விட்ச் தூசியும் துருவும் ஏறி இறுகிவிடும். பக்கவாட்டில், ஒரு ரூபாய் நாணயம் அளவில், கொஞ்சம் மேடாக இருக்கும் பொத்தானே நல்லது. மேடு இல்லையென்றால் அதன் மேல் ஒரு துண்டு துணி பிளாஸ்டர் ஒட்டுங்கள், இருட்டில் தடவினாலே தெரியும். அணைப்பதற்குள் பிரகாசம், மங்கல், மினுக்கு என்று நாலு தடவை அமுக்க வைக்கும் டார்ச் வேண்டவே வேண்டாம்.

எடையில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பெரிய கட்டை பேட்டரி மூன்று போட்டால் பேட்டரி மட்டுமே 300 முதல் 400 கிராம் வரும். அதற்குப் பயந்து பேனா மாதிரி மெல்லியதை வாங்கினால், நழுவாமல் இருக்க இறுக்கிப் பிடிக்க வேண்டும். வலி அதிலும் வரும். பிடி 3 முதல் 4 செ.மீ. தடிமன் இருக்கட்டும். மெலிதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபை 10 செ.மீ. வெட்டி மாட்டலாம். சூடாகும் தலைப்பகுதியை மட்டும் மூட வேண்டாம்.

வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்பதும் சரியல்ல. வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கோ மோட்டார் ரூமுக்கோ போக 100 முதல் 200 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். காலடியில் விரியன் கிடக்கிறதா என்று பார்க்க அகலமாக விழும் வெளிச்சம் வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை போல யானை நடமாட்டம் உள்ள இடங்களில் தூரம் அடிக்கும் கனமான டார்ச்சும் தேவைதான். அதை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும்.

சார்ஜ் போடும் வேலையைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. மடங்கிக் கிடக்கும் இரண்டு முள் பிளக்கை நகத்தால் நெம்ப வேண்டும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடியையும் அப்படித்தான். டைப்-சி துளை என்றால் ஒயரை எப்படித் திருப்பினாலும் நுழையும். காந்த முனை ஒயர் இன்னும் வசதி: குட்டி முனை டார்ச்சிலேயே இருக்கும், ஒயரைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். ஒயரை இடுப்பு உயர பிளக்கில் நிரந்தரமாக விட்டுவையுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி டார்ச்சை மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் வைத்தால் பேட்டரி செத்துவிடும். சாதாரண செல் போடும் வகையில், பழைய செல் ஒழுகி மூடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு வலியில்லாத கையாலும் திருக முடியாது.

கையில்தான் பிடிக்க வேண்டும் என்று நினைப்பதும் ஒரு தவறு. பால் கறக்க, ஸ்டார்ட்டர் போட, தலையில் மாட்டும் லைட் நல்லது. அதன் பட்டையை ஒருமுறை அளவு வைத்துவிட்டால் தொப்பி போல மாட்டிக்கொள்ளலாம், கொக்கியைத் தொட வேண்டியதில்லை. ராத்திரி பாத்ரூம் போகிற வழிக்கு டார்ச்சே வேண்டாம். ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் பல்பு ஒன்றும், கரண்ட் போனால் எரியும் இன்வெர்ட்டர் பல்பு ஒன்றும் மாட்டுங்கள்.

டார்ச்சோடு வரும் மெல்லிய கயிற்றைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை நுழையும் அகலமான நாடா வளையம் கட்டுங்கள். பிடி தளர்ந்தாலும் டார்ச் கீழே விழாது, குனிந்து தேட வேண்டியதும் இல்லை.