பழைய பிக்கப்பின் உள் லைட்டும் பெட்டி லைட்டும்: பல்புக்கு முன் எர்த்தைப் பாருங்கள்

திருகோணமலைப் பக்கம் கொட்பேயிலும் கிண்ணியாவிலும் மீன் ஏற்றி ஓடிய பழைய டட்சன், ஹைலக்ஸ் பிக்கப்புகளில் லைட் மங்கினால் பலரும் முதலில் பல்பைத்தான் மாற்றுவார்கள். ஆனால் ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீரும் கடற்காற்றும் முதலில் தின்பது எர்த்தை, அதாவது லைட்டின் மைனஸ் வண்டியின் இரும்பு உடம்போடு சேரும் இடத்தை.

உள் லைட்டின் மூடியை நகத்தால் அழுத்திக் கழற்றுங்கள். ஸ்குரூட்ரைவர் போட்டு நெம்பினால் காது உடையும். அதே மூடி மறுபடி கிடைப்பது கடினம். உள்ளே பியூஸ் போல இரு முனையிலும் தொப்பி உள்ள பல்ப் இருக்கும். 31, 36, 41 மில்லிமீற்றர் என நீளங்கள் உண்டு, ஆகவே பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டு போங்கள். 5 வாட் இடத்தில் 10 வாட் போட்டால் சூட்டில் மூடி பழுப்பாகி நெளியும். பல்பைப் பிடிக்கும் பித்தளைக் காதுகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் 400 நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்து, வாஸ்லின் மெல்லியதாகப் பூசுங்கள்.

அப்படியும் கதவு திறக்கும்போது எரியவில்லையா? இந்த வண்டிகளில் பிளஸ் எப்போதும் லைட்டில் நிற்கும், டோர் சுவிட்ச் எர்த்தைத்தான் கொடுக்கும். சுவிட்சைக் கழற்றும்போதே வயரில் ஒரு கிளிப் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வயர் கதவுத் தூணுக்குள் விழுந்துவிடும். லைட்டை டோர் நிலையில் வைத்து, வயர் நுனியைச் சுரண்டிய இரும்பில் தொடுங்கள். எரிந்தால் வயரிங் நல்லது. பழுது சுவிட்சிலோ அது உட்காரும் துளையிலோ. பெயின்ட் அடித்து வந்த வண்டியில் துளையின் விளிம்பைச் சுரண்டினாலே போதும், ஏனெனில் சுவிட்ச் தன் உடம்பாலும் ஸ்குரூவாலும்தான் எர்த் எடுக்கிறது.

பின் கண்ணாடிக்கு மேலே இருந்து சரக்குப் பெட்டிக்கு வெளிச்சம் தரும் பெட்டி லைட்டில்தான் அதிக வேலை. அதை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பற்றரி மைனஸிலும் மற்றதை லைட்டின் எர்த் ஸ்குரூவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு வயர் நுனியை 2 சென்ரிமீற்றர் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். புதிதாக இழுப்பதானால் 1 சதுர மில்லிமீற்றர் வயர் போதும்: 10 வாட் பல்ப் இரண்டு இருந்தாலும் சேர்ந்தே சுமார் 1.7 அம்பியர்தான் எடுக்கும். 5 அம்பியர் பியூஸைப் பற்றரிக்கு அருகிலேயே போடுங்கள். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் குலுக்கலில் வயரின் தோல் அறுந்து ஷோர்ட் ஆகும்.

எல்ஈடி போடுகிறவர்கள் பிளஸ், மைனஸ் பார்த்துப் போட வேண்டும். 1960கள் வரை வந்த பல பிரித்தானிய வண்டிகளில் பாடியோடு இணைந்திருப்பது பிளஸ் முனை.

மூடிக்கு அடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் கஸ்கெட் இற்றிருந்தால் பழைய டியூப் ரப்பரில் வெட்டிக்கொள்ளலாம். வினாகிரி மணக்கும் சிலிக்கனை வயர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது செம்பை அரிக்கும். மணமில்லாத நியூட்ரல் வகையை லைட்டின் மேலேயும் இரு பக்கமும் பூசி, அடிப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். உள்ளே போன ஈரம் வெளியேற அதுதான் வழி. கார்த்திகை மழைக்கு முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் லைட்டை எரியவிடுங்கள். மூடியின் உட்புறம் பனி படிந்தால் கஸ்கெட் இன்னும் சரியாக உட்காரவில்லை.