பிரஷர்காரருக்கு எண்ணெய் பூசி உருவிவிடுவது எப்படி?

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில் பின்னேரம் அம்மா வந்து இருந்து தோளை ஒருமுறை சுழற்றினால் எனக்கு விளங்கிவிடும். எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க வேண்டும். அவருக்கு நெடுநாளாகப் பிரஷர், அதாவது உயர் இரத்த அழுத்தம். கிளினிக்கில் தந்த குளிசையைப் போட்டுக்கொண்டு, அதோடு சேர்த்துத்தான் இதைச் செய்கிறோம். உருவினால் உடல் தளரும், பிரஷரும் சிறிது இறங்கலாம். ஆனால் அந்த இறக்கம் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

முதலில் பிரஷர் அளக்கும் மெசின். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலம் போகட்டும். சலம் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் கதையாமல் இருக்க வேண்டும். (அம்மாவுக்கு இந்தக் கதையாமல் இருப்பதுதான் பெரிய பாடு.) கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு தரம் அளந்து கொப்பியில் எழுதுங்கள். 180/120க்கு மேல் காட்டினால் எண்ணெயைத் தொட வேண்டாம். ஆறுதலாக இருத்தி மறுபடி அளந்து, அப்படியே நின்றால் உடனே டொக்டரிடம் கேளுங்கள். நெஞ்சு நோ, மூச்சு முட்டல், நாக்குழறல் இருந்தால் இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு ஃபோன் அடியுங்கள்.

சரி, இனி நல்லெண்ணெய். இரண்டு தேக்கரண்டி போதும். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து இளஞ்சூடாக்கி, உங்கள் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்.

அவரைக் கதிரையில் இருத்தி, முன்னால் மேசையில் தலையணை வைத்து அதில் குனிந்து சாயவிடுங்கள். நாரியிலிருந்து (இடுப்பின் பின்பக்கம்) இரு உள்ளங்கையாலும் மேலே போய்த் தோளால் வழித்து இறக்க வேண்டும். முள்ளந்தண்டின் மேல் அமத்தக்கூடாது, அதன் இரு பக்கத்தாலும்தான். ஒரு வழிப்புக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் ஆறுதலாகப் போங்கள். அப்புறம் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசையை, ரொட்டிக்கு மா குழைப்பதுபோலப் பிடித்துப் பிடித்து விடுங்கள். காதுப்பக்கம் ஏறி நின்ற தோள் ஒரு கட்டத்தில் பொத்தென்று இறங்கும். அதுதான் நாங்கள் தேடுவது.

ஆரம்பத்தில் நான் உளுக்கு எடுப்பதுபோலப் பெருவிரலால் அமத்தினேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு அளந்தால் முன்பைவிடக் கூடவாக இருந்தது! நொந்தால் பிரஷர் ஏறத்தானே செய்யும்.

கழுத்தின் முன்பக்கத்தையும், பக்கவாட்டில் துடிப்புத் தெரியும் இடத்தையும் தொடவே வேண்டாம். அங்கே அமத்தினால் நாடித்துடிப்புச் சட்டென்று குறைந்து மயக்கம் வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால், உள்ளே இரத்தக்கட்டி இருக்கக்கூடும். உருவாமல் டொக்டரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கால் மணித்தியாலத்தில் முடித்துவிடுங்கள். உடனே எழுப்பாதீர்கள், தலை சுற்றும். சீமெந்து நிலத்தில் சிந்திய எண்ணெயைத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து எழுதுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியும் போகட்டும். இலக்கம் குறைந்திருக்கிறது என்று குளிசையை நீங்களாகப் பாதியாக உடைக்க வேண்டாம். அதை டொக்டர் பார்த்துச் சொல்லட்டும்.