இரட்டைக் குழந்தைகளுக்கு ஊட்டுவது எப்படி? ராத்திரிப் பால் முதல் திட உணவு வரை

நேரம் இருவருக்கும் பொது, அளவு அவரவருக்குத் தனி. இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதில் வரும் பாதிச் சிக்கல், இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான். ஆளுக்கொரு நேரத்தில் ஊட்டினால் அம்மாவுக்குத் தூக்கமே மிஞ்சாது. இருவருக்கும் ஒரே அளவு என்று வைத்தால் ஒன்று பசியோடு கிடக்கும், இன்னொன்று குடித்ததைக் கக்கும்.

பால் போதுமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மார்பில் பால் காலியாகக் காலியாகத்தான் சுரக்கும். முதல் மாதத்துக்குப் பிறகு ஒரு குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மி.லி. வரை குடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர். மலைப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை ஒழுங்காகக் குடித்தால், பெரும்பாலான தாய்மாரின் உடல் அந்த அளவுக்கு ஈடுகொடுத்துவிடும்.

அவசரப்பட்டுத் தப்பு நடப்பது முதல் மூன்று நாட்களில். பிறந்த அன்று குழந்தை ஒரு தடவைக்குக் குடிக்கும் சீம்பால் 5 முதல் 7 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூன் அளவுதான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் மார்பு நிறையப் பால் இறங்கும். அதற்குள் "பால் வரவில்லை" என்று பவுடர் பாலுக்குத் தாவினால், குழந்தை உறிஞ்சாத பாலை உடல் தேவையில்லாத பால் என்று எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். எடை குறைவு, சர்க்கரை அளவு குறைவு என்று டாக்டரே சொல்லிக் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் மார்பிலிருந்து பாலைக் கையாலோ பம்பாலோ எடுத்துவிடுங்கள்.

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலும் இதே கணக்குதான். பிறந்த 6 மணி நேரத்துக்குள் பால் எடுக்கத் தொடங்க வேண்டும், நாளைக்கு 8 தடவையாவது எடுக்க வேண்டும், அதில் ஒன்று நடு ராத்திரியில் இருக்க வேண்டும். சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். அதை எடுக்கப் பம்பை விடக் கையே மேல்.

போதுமா என்பதற்குக் குழந்தையின் அழுகை சாட்சி ஆகாது. எடையும் டயப்பரும்தான் சாட்சி. முதல் சில நாட்களில் எடை 7 முதல் 10 சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தையும் நாளைக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்க வேண்டும். இரட்டையர் பலர் 37 வாரம் நிறையும் முன்பே பிறக்கிறார்கள். அப்படிப் பிறந்த குழந்தை பசித்தால் அழுவதற்குப் பதில் தூங்கிவிடும். "சமர்த்தாகத் தூங்குகிறது" என்று விட்டுவிடாமல், எடை நன்றாக ஏறத் தொடங்கும் வரை 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கொடுங்கள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பது

முதல் சில நாட்கள் ஒவ்வொருவராகக் கொடுத்து, இருவரும் சரியாகக் கவ்வுகிறார்களா என்று பாருங்கள். பிறகு இப்படிச் செய்யலாம்:

1. முதுகு சாயும் அகலமான இடத்தில் உட்காருங்கள். பாதம் தரையில் படட்டும், இல்லாவிட்டால் ஒரு முக்காலியில் இருக்கட்டும். மடியைச் சுற்றித் தலையணைகளை மார்பு உயரத்துக்கு அடுக்குங்கள். குழந்தையை நோக்கி நீங்கள் குனியும்படி இருந்தால் உயரம் போதவில்லை என்று அர்த்தம்.

2. இரண்டு பக்கமும் கை எட்டும் தூரத்தில் ஒவ்வொரு குழந்தையைக் கிடத்துங்கள். தண்ணீர், துடைக்கத் துணி, சுருட்டிய ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியாது.

3. கவ்வச் சிரமப்படும் குழந்தையை முதலில் எடுங்கள். இரண்டு கையும் காலியாக இருப்பது அப்போது மட்டும்தான். குழந்தையின் உடம்பு உங்கள் அக்குளுக்கு அடியில், கால் உங்கள் முதுகுப் பக்கம் போகட்டும். உள்ளங்கை குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கட்டும், விரல்கள் கழுத்தைத் தாங்கட்டும். பின்னந்தலையைப் பிடித்து அழுத்தினால் குழந்தை திமிறும். மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கும்படி வைத்து, வாய் கொட்டாவி விடுவது போலத் திறக்கும் வரை காத்திருந்து, சட்டென்று மார்போடு சேருங்கள். மோவாய் முதலில் பட வேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருமை, மேலுதட்டுக்கு மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் கவ்வியது சரி.

4. வேகமாகச் சப்புவது நின்று, இழுத்து விழுங்கும் சத்தம் கேட்ட பிறகு, சுருட்டிய துண்டை அந்தக் குழந்தையின் முதுகுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த குழந்தையை எடுங்கள். தொடக்கத்தில் யாராவது எடுத்துக் கையில் கொடுத்தால் நல்லது.

5. எடுக்கும்போது வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்திய பிறகே எடுங்கள். ஒன்றைத் தோளிலும் மற்றொன்றை மடியில் குப்புறவும் போட்டு முதுகைத் தடவுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஏப்பம் வரவில்லையென்றால் விட்டுவிடலாம்.

முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலித்தால் குழந்தை காம்பை மட்டும் பிடித்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். காம்பு வெடிக்கும், குழந்தைக்கும் பால் சரியாக வராது. எடுத்துவிட்டு மறுபடி கவ்வ வையுங்கள்.

ஒருவர் உறிஞ்சும்போது இரண்டு மார்பிலும் பால் இறங்கும். வலுவாகக் குடிக்கும் குழந்தை இறக்கிவிட்ட பாலில் வலுக் குறைந்த குழந்தையும் பயன்பெறும். நேரம் மிச்சமாவதை விட, சேர்த்துக் கொடுப்பதில் இதுதான் பெரிய லாபம். அதே காரணத்துக்காகப் பக்கத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே குழந்தை ஒரே பக்கம் என்று விட்டால், மெதுவாகக் குடிக்கும் குழந்தையின் பக்கம் சுரப்பு படிப்படியாகக் குறையும். தடவைக்குத் தடவை மாற்றினால் தூக்கக் கலக்கத்தில் கணக்குத் தவறும். இன்று வலது, நாளை இடது என்று நாள் கணக்கில் மாற்றுங்கள்.

ராத்திரி

ஒருவர் விழித்தால் அடுத்தவரையும் எழுப்புங்கள். தூங்கும் குழந்தையை எழுப்ப மனம் வராது. எழுப்பாவிட்டால் இது தூங்கும் நேரத்தில் அது எழும், பிறகு விடியும் வரை அதே வேலைதான்.

முதலில் விழித்த குழந்தைக்கு டயப்பரை மாற்றுங்கள். பிறகு அடுத்ததன் போர்வையை விலக்கி, அதற்கும் மாற்றுங்கள். அதிலேயே பெரும்பாலும் விழித்துவிடும், இல்லையென்றால் உள்ளங்காலைத் தேய்த்துவிடுங்கள். பிறகு இருவருக்கும் பால். டயப்பரைக் கடைசியில் மாற்றினால் தூங்கப்போகும் குழந்தை முழித்துக்கொள்ளும். வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும், பேச்சு வேண்டாம்.

சுவரில் ஒரு தாள் ஒட்டி, ஆளுக்கொரு பத்தியாக நேரம், பக்கம், சிறுநீர், மலம் என்று குறியுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு "இவன் குடித்தானா, அவன் குடித்தானா" என்ற சந்தேகம் யாருக்கும் வரும். அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் ஒருவரின் கால் கட்டைவிரலில் நகப்பூச்சு வைத்துவிடுங்கள்.

எடுத்து வைத்த பாலை இன்னொருவர் ஒரு தடவை கொடுத்தால் அம்மா நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கலாம். முதல் வாரங்களில் அதற்கு மேல் இடைவெளி விட்டால் பால் கட்டும், சுரப்பும் குறையும்.

சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு கண்ணயர்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. குழந்தை இடுக்கில் சரிந்து மூச்சு முட்டிவிடும். கண் சொருகினால் குழந்தைகளை அவரவர் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பால் கொடுக்கும் தலையணையில் குழந்தையைத் தூங்கவிடக் கூடாது.

எடுத்து வைக்கும் பால், பவுடர் பால்

எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான அறையில் 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜில் 4 நாளும் இருக்கும். ஃப்ரீசரில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. உறைந்த பால் உருகிவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதித்துக் குழந்தையின் வாய் புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை நிறுத்தினால் போதும். 60 மி.லி. அளவாகப் பிரித்து வையுங்கள். போதாவிட்டால் இன்னொன்றைச் சூடாக்கலாம். வாய் வைத்த புட்டியில் மிஞ்சியது 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது, அதை அடுத்த குழந்தைக்குக் கொடுப்பதும் சரியல்ல.

பவுடர் பால் கொடுத்தால் டப்பாவில் உள்ள அளவை மாற்றாதீர்கள். கொதிக்க வைத்து 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு பவுடரைத் தலை தட்டிப் போட்டுக் கலக்கி, ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். அளவுக்குத் தோராயக் கணக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மி.லி. 2.4 கிலோ குழந்தைக்கு 360 மி.லி., 3 கிலோ குழந்தைக்கு 450 மி.லி. எட்டுத் தடவையாகப் பிரித்தால் ஒன்றுக்கு 45, இன்னொன்றுக்கு 56. இரண்டு புட்டியிலும் 60 ஊற்றி, "இது மட்டும் மீதி வைக்கிறது" என்று சின்னக் குழந்தையைக் கட்டாயப்படுத்துவது எதற்காக?

புட்டியைத் துணியில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு நகரும் ஆசை இரட்டையர் வீட்டில் வராமல் இருக்காது. வேண்டாம், புரையேறினால் குழந்தையால் தலையைத் திருப்பக்கூட முடியாது.

மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டால், கொடுக்கும் முன் கொஞ்சம் பீய்ச்சி இளக்கிவிடுங்கள், கொடுத்த பின் குளிர்ந்த துணி போடுங்கள். முழுக்க வற்ற எடுத்தால் இன்னும் கூடுதலாகச் சுரந்து மறுபடி கட்டும். ஒரு இடம் சிவந்து வலித்துக் காய்ச்சலும் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல், ஒரு நாளுக்குள் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

வைட்டமின் டி சொட்டு மருந்து வழக்கமாக ஒரு குழந்தைக்கு நாளைக்கு 400 யூனிட். குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு இரும்புச்சத்து மருந்தும் உண்டு, அதன் அளவை டாக்டர் அவரவர் எடையை வைத்துச் சொல்வார். கொடுத்த உடனே தாளில் குறியுங்கள். ஒருவருக்கே இரண்டு தடவை போய்விடுவது இங்கேதான் நடக்கும்.

திட உணவு

உலக சுகாதார நிறுவனம் சொல்வது: 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால். முன்கூட்டிப் பிறந்திருந்தால் எந்த வாரத்தில் தொடங்குவது என்று டாக்டரைக் கேளுங்கள். தலை ஆடாமல் நிற்கிறதா, பிடித்தால் உட்காருகிறதா, கரண்டியை வைத்ததும் நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் தயாராகி மற்றவர் ஆகாமல் இருந்தால் தயாரானவருக்குத் தொடங்குங்கள். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும்.

ஆறு மாத வாக்கில், பிறக்கும்போது சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்துக் கையிருப்பு தீரத் தொடங்கும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கையிருப்பே குறைவு. அதனால் நீர்த்த அரிசிக் கஞ்சியிலேயே வாரக்கணக்கில் நிற்காதீர்கள், வயிறு நிறையும், சத்து சேராது. குழைய வேகவைத்து மசித்த பருப்பு, நன்றாக வெந்த முட்டை, மசித்த மீன், இறைச்சி ஆகியவற்றைச் சீக்கிரமே கொண்டுவாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதமே சரியான பதம்.

இரண்டு நாற்காலிகளையும் உங்களைப் பார்த்து, ஒரு கை தூரத்தில் போடுங்கள். பாலுக்கும் உணவுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். ஒரே கிண்ணம், ஒரே கரண்டியில் மாற்றி மாற்றி ஊட்டுவது வேகம்தான். ஆனால் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாது, ஒருவர் சளி மற்றவருக்கும் போகும். எங்கள் யோசனை இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி.

முதலில் ஒரு வேளைக்கு 2 அல்லது 3 மேசைக்கரண்டி, நாளைக்கு 2 அல்லது 3 வேளை. மெதுவாக 250 மி.லி. கிண்ணத்தில் பாதி வரை கூட்டுங்கள். புதிய உணவைக் காலையில், ஒரு நேரத்தில் ஒன்றாக, இருவருக்கும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். ஒருவருக்கு ஒத்துக்கொண்டது மற்றவருக்குத் தடிப்பு வரவைக்கலாம், அதனால் குறிப்பு தனித்தனியாக இருக்கட்டும். முட்டையையும் வேர்க்கடலையையும் தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை. வேர்க்கடலையை நைஸாக அரைத்து, நீர்க்கக் கலந்து கொடுக்கலாம். கடுமையான தோல் அரிப்பு நோய் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதிலுள்ள கிருமி விதைகள் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும் நச்சை உண்டாக்கலாம். உப்பு, சர்க்கரை வேண்டாம். மாட்டுப் பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக வைக்க வேண்டாம். முழு திராட்சை, முழு கடலை, பச்சைக் கேரட் துண்டு, பாப்கார்ன் எல்லாம் தொண்டையை அடைக்கும்.

இருமிக்கொண்டு ஓங்கரிக்கும் குழந்தை தானே சமாளிக்கும். இருமவோ அழவோ முடியாமல் சத்தமே இல்லாமல் திணறினாலோ, முகம் நீலம் பாய்ந்தாலோ அடைப்பு. உடனே தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு தட்டுங்கள். வெளியே வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்து அழுத்துங்கள். வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், பக்கத்தில் இருப்பவரை ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஊட்டும்போது மற்றது முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

ஒருவர் வாயைத் திறக்க மறுத்தால் துரத்திப் பிடிக்காதீர்கள். ஒரு புது ருசி பிடிபட எட்டுப் பத்துத் தடவைகூட ஆகலாம். "அவன் பார் எப்படிச் சாப்பிடுகிறான்" என்ற ஒப்பீட்டால் ஒரு வாய்கூட உள்ளே போகாது. எடை அட்டையில் அவரவர் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கோடு கீழே சரிந்தால் டாக்டரைப் பாருங்கள்.

9 மாதம் ஆனதும் நாளைக்கு 3 அல்லது 4 வேளை, அரைக் கிண்ணம். மசித்ததைக் குறைத்து, விரலால் நசுக்கினால் நசுங்கும் துண்டுகளாக வையுங்கள். இந்த வயதில் ஒருவர் தட்டில் மற்றவர் கை வைப்பார். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத உணவு ஏதும் இருந்தால், அதை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் பரிமாற வேண்டாம்.