கருகலும் ஈரமும்: வீட்டில் வாசனைத்தூள் தயாரிக்கும்போது விடும் தவறுகள்

வீட்டில் செய்த தூள் சரிவராவிட்டால் எல்லோரும் முதலில் அளவைத்தான் சந்தேகிப்பார்கள். மல்லி கூடிவிட்டதோ, ஏலக்காய் காணாதோ என்று யோசிப்பார்கள். அளவுப் பிழையைப் பெரும்பாலும் திருத்தலாம். குறைந்ததை வறுத்து இடித்துக் கலந்தால் முடிந்தது. திருத்தவே முடியாதவை கருகலும் ஈரமும்தான். நம்முடைய வறுத்த மிளகாய்த்தூள், லெபனான் பக்கத்து மூலிகைத்தூளான சாத்தார், சீனத்தின் ஐந்து வாசனைத்தூள், எகிப்தில் பருப்பும் எள்ளும் இடித்துச் செய்யும் துக்கா எதுவானாலும் இதே கதைதான். கடல் சூழ்ந்த திருகோணமலையில் ஈரம் இன்னும் பொல்லாதது. மாரி தொடங்கினால் மூடாத உப்புக்கூட ஒரே இரவில் கசிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தாச்சியில் கொட்டி வறுப்பதுதான் மிகப் பொதுவான தவறு. மல்லி தடித்த தோலும் உள்ளே வெற்றிடமும் உள்ள விதை. மெல்லிய நெருப்பில் ஐந்து முதல் ஏழு நிமிடம் கேட்கும். சின்னச்சீரகத்துக்கு இரண்டு நிமிடமே அதிகம். இரண்டையும் சேர்த்து வறுத்தால் மல்லி பச்சையாக இருக்கும்போதே சீரகம் கருகிவிடும். தனித்தனியாக வறுக்க நேரமில்லை என்றால், குறைந்தது மல்லி, செத்தல் மிளகாய், வெந்தயம் மூன்றையாவது பிரித்து வறுக்க வேண்டும்.

வெந்தயத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மஞ்சளாக இருக்கும் விதை சூடேறச் சூடேறப் பொன்னிறமாகும். வறுத்த கச்சான் போல ஒரு மணம் எழும்பும். அதுதான் இறக்கும் நேரம். அதற்கு மேல் அரை நிமிடம் விட்டாலும் செம்மண் நிறத்துக்குப் போய்விடும். அந்தக் கசப்பு அரைத்த ஒரு கிலோ தூளுக்குள்ளும் பரவும். தேங்காய்ப்பால் விட்டாலும் புளி விட்டாலும் போகாது. அடுப்பை அணைத்த பிறகும் தாச்சியின் சூடு வறுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், நினைத்த நிறம் வருவதற்குச் சற்று முன்னரே சுளகில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும்.

செத்தல் மிளகாயை ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மொறுமொறுப்பாகும் வரை மெல்லிய நெருப்பில் பிரட்டினால் போதும். வீடு முழுக்கக் கமறினால் நெருப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். கறிவேப்பிலையைக் கழுவியிருந்தால் துணியில் பரப்பித் துளி நீர் இல்லாமல் உலர்த்திய பிறகே வறுக்க வேண்டும். மஞ்சள்தூளை வறுக்கவே தேவையில்லை.

அளவு வேண்டுமானால் வீட்டுக் கறித்தூளுக்கு இது நன்றாக வரும்: செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 100 கிராம், மிளகு 75 கிராம், சின்னச்சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் 15 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. உறைப்புக் குறைய வேண்டுமென்றால் மிளகாயை 350 கிராமாக்கலாம். வெந்தயத்தை மட்டும் 25 கிராமுக்கு மேலே போக விடாதீர்கள்.

அடுத்த தவறு மில்லில் நடக்கிறது. வறுத்த சூட்டோடு பைக்குள் கட்டி மில்லுக்குக் கொண்டுபோகிறோம். உள்ளே நீராவி படிந்து சரக்கு திரும்ப ஈரமாகிறது. ஈரமான சரக்கு மில்லில் ஒட்டிக்கொண்டு அரைபடாது. சரக்கு கைக்குக் குளிர்ந்த பிறகே கட்ட வேண்டும். அரைத்து முடிந்ததும் வாய் கட்டித் தருகிற அந்தப் பையைத் தொட்டுப் பாருங்கள், தூள் சுடச்சுட இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அப்படியே போத்தலில் அடைத்து மூடினால் அரை மணித்தியாலத்தில் மூடியின் உட்புறத்தில் சின்னச் சின்ன நீர்த்துளிகள் தெரியும். அவை திரும்பத் தூளுக்குள்தான் விழும். ஒரு கிழமைக்குள் கட்டி, பிறகு பூஞ்சணம். வெள்ளைத் துணியில் மெல்லியதாகப் பரப்பி, காற்றாடிக்கு நேரே வைக்காமல், முழுக்க ஆறிய பின் அடைப்பதுதான் சரி.

பூஞ்சணம் கண்ட தூளை மேலே மட்டும் அள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை வறுத்துப் பாவிப்பது ஆபத்து. மிளகாயிலும் கச்சானிலும் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். நீண்டகாலம் உடலில் சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது; வறுப்பதாலோ கொதிக்க வைப்பதாலோ முழுக்கப் போகாது. மனம் வராவிட்டாலும் முழுப் போத்தலையும் கொட்டத்தான் வேண்டும்.

வெளிநாட்டுத் தூள்களுக்கு வந்தால் பெயர்களே பாதிப் பிழைக்குக் காரணம். அமெரிக்கச் சமையல் குறிப்பில் மூன்று மேசைக்கரண்டி 'சிலி பவுடர்' என்றிருக்கும். நாம் நம்முடைய மிளகாய்த்தூளை மூன்று கரண்டி போட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது. அங்கே அந்தப் பெயரில் விற்பது உறைப்புக் குறைந்த மிளகாயோடு சீரகம், ஒரிகானோ, உள்ளித்தூள் சேர்ந்த கலவை. அந்த மூன்று கரண்டிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி காஷ்மீர் மிளகாய்த்தூள் அல்லது பப்ரிக்கா, இரண்டு தேக்கரண்டி சின்னச்சீரகத்தூள், ஒவ்வொரு தேக்கரண்டி ஒரிகானோவும் உள்ளித்தூளும், கால் தேக்கரண்டி நம் மிளகாய்த்தூள் போதும்.

இதற்கு நேர்மாறானது 'ஓல்ஸ்பைஸ்'. பெயரைக் கேட்டு எல்லாச் சரக்கும் கலந்த தூள் என்று நினைத்துக் கரம் மசாலாவைப் போடுகிறார்கள். அது ஜமேக்காப் பக்கத்து மரமொன்றின் காய்ந்த காய், ஒரே பொருள். இறைச்சியில் பூசிச் சுடும் ஜமேக்காவின் ஜேர்க் கலவைக்கு அதுதான் உயிர். கிடைக்காவிட்டால் கராம்பு ஒரு பங்கு, சாதிக்காய் ஒரு பங்கு, கறுவா இரண்டு பங்கு என்று இடித்தால் கிட்டத்தட்ட வரும்.

சீரகங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் மூன்றும் மூன்று செடிகள். ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. வங்காளத்தின் பஞ்ச போரனில் இந்த மூன்றும் வெந்தயம், கடுகோடு சம அளவில் முழு விதையாகவே இருக்கும். அதை அரைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அரைத்தால் கடுகும் வெந்தயமும் கைத்துப்போய்விடும். அது சூடான எண்ணெயில் வெடிக்க விட்டுத் தாளிக்க வேண்டிய கலவை.

சீன ஐந்து வாசனைத்தூளில் பெரும்பாலும் சேர்வது காசியா என்னும் தடித்த பட்டை. நம் கறுவா மெல்லிய பட்டைகள் சுருட்டுப் போல அடுக்கடுக்காகச் சுருண்டது, மணம் மென்மையானது. நம் கறுவாவைப் போட்டால் குற்றமில்லை. அளவு கூடினால் ஈரலைக் கெடுக்கக்கூடிய கூமரின் என்னும் பொருள் காசியாவில் அதிகம், நம்முடையதில் மிகமிகக் குறைவு என்பதால் அடிக்கடி பாவிக்க நம்முடையதே நல்லது. அளவை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அன்னாசிப்பூ 10 கிராம், பெருஞ்சீரகம் 10 கிராம், சிச்சுவான் மிளகு 8 கிராம், கறுவா 8 கிராம், கராம்பு 3 கிராம். கராம்பைக் கூட்டினால் பல்வலி மருந்தின் வாடை வரும். நாக்கை மரக்கச் செய்யும் யூஜினோல் அதில் நிறைய உண்டு. சிச்சுவான் மிளகு மிளகே அல்ல. அதன் செந்நிறத் தோலைத்தான் பாவிக்க வேண்டும். உள்ளிருக்கும் கறுப்பு விதை மணல் போலக் கடிபடும், பொறுக்கி எறிந்துவிடுங்கள். அரைக் கிலோ கோழிக்கு இந்தத் தூள் அரைத் தேக்கரண்டி போதும்.

இப்படிப்பட்ட சிறிய அளவுகளுக்குக் கரண்டி உதவாது. முழுக் கராம்பு ஒரு கரண்டியும் இடித்த கராம்பு ஒரு கரண்டியும் ஒரே எடை அல்ல. கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வரும்.

கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்தவர்கள் ஊருக்கு வரும்போது சாத்தார் கொண்டுவருவார்கள். முடிந்ததும் வீட்டில் செய்து பார்க்க ஆசை வரும். சாத்தார் என்பது ஒரு மூலிகையின் பெயரும்தான். ஒரிகானோ வகையைச் சேர்ந்தது. அது இல்லாத இடத்தில் காய்ந்த தைம் இரண்டு மேசைக்கரண்டி, வறுத்த எள்ளு ஒரு மேசைக்கரண்டி, சுமாக் என்னும் புளிப்புக் காயின் தூள் ஒரு மேசைக்கரண்டி. உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு. கடைச் சுமாக்கில் பெரும்பாலும் உப்பு சேர்ந்தே வருவதால் முதலிலேயே போட்டால் கரித்துவிடும். சுமாக் இல்லையென்று கொறுக்காயோ புளியோ இடித்துப் போடக்கூடாது, இரண்டும் ஈரம் பிடித்துத் தூளைக் களியாக்கும். நன்றாகக் காய்ந்த தேசிக்காய்த் தோலின் தூள், அல்லது வட இந்தியர் பாவிக்கும் மாங்காய்த்தூள் பொருந்தும்.

தைம் கிடைக்காதபோது முற்றத்துக் கற்பூரவள்ளியை நாடுகிறார்கள். மணத்தில் உறவு உண்டு, ஆனால் அது தடித்த, நீர் நிறைந்த இலை. வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் நடு நரம்பில் ஈரம் நிற்கும். நரம்பை நீக்கி, நூலாக அரிந்து காயவைத்தால்தான் சரிவரும். அதைவிட இலகுவான வழி, மற்ற ஏதாவது காய்ந்த மூலிகையோடு ஒரு சிட்டிகை ஓமம் இடித்துச் சேர்ப்பது. தைமின் மணத்துக்குக் காரணமான தைமோல் ஓமத்திலும் இருக்கிறது.

மூலிகை இலைகளை வெயிலில் போடாதீர்கள். செத்தலுக்கு வெயில் வேண்டும். இலைக்கு நிழலும் காற்றும்தான் வேண்டும். நேர் வெயிலில் நிறமும் மணமும் இரண்டு மணித்தியாலத்தில் போய்விடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலில் பரப்பிய இலை இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். வருடத்துக்கு வேண்டியதை அப்போதே காயவைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் அது நடக்காது. இலையை விரலால் கசக்கினால் பொடிய வேண்டும், காம்பை வளைத்தால் முறிய வேண்டும். காம்பு வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை.

எள்ளும் பருப்பும் சேர்ந்த கலவைகளின் ஆயுள் குறைவு. துக்காவுக்கு ஹேசல் பருப்புக்குப் பதில் தோல் நீக்கிய கச்சானோ மரமுந்திரியோ போடலாம். மிக்சியில் தொடர்ந்து அடித்தால் எண்ணெய் கக்கிக் கூழாகும். விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று, அல்லது உரலில் நாலு இடி. இரண்டு கிழமைக்குள் முடியும் அளவே செய்து பிரிட்ஜில் வையுங்கள். பழைய எண்ணெய் வாடை வந்தால் பாவிக்க வேண்டாம்.

எந்தக் கலவையிலும் கல்லுப்பை நேரே சேர்க்கக்கூடாது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். வெறும் தாச்சியில் வறுத்து, ஆறவிட்டு, பொடித்துச் சேர்க்க வேண்டும். உப்பில்லாமல் தூளை வைத்துக்கொண்டு சமைக்கும்போது போடுவதே மேல். சீனி சேர்ந்த கலவையைப் பூசி பாரை மீனை நெருப்பில் சுட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். சீனியைக் கடைசி மூன்று நிமிடத்தில் தடவுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். துனீசியாவின் ஹரிசா என்னும் மிளகாய்க் கூழ் போலப் பச்சை உள்ளி அரைத்து எண்ணெயில் மூழ்க வைக்கும் கூழ்களை அறைச்சூட்டில் வைக்கவே கூடாது. எண்ணெய்க்குக் கீழே காற்றில்லை, புளிப்புமில்லை. உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு அதுவே வசதி. நஞ்சு கலந்தாலும் நிறமோ மணமோ மாறாமல் இருக்கலாம். பிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடியுங்கள். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, ஒவ்வொரு கட்டியாக எடுங்கள்.

அடைத்து வைத்த பிறகும் ஈரம் நுழைய வழி உண்டு: கொதிக்கும் சட்டிக்கு மேலே போத்தலைக் கவிழ்த்துத் தட்டுவது. ஆவி நேரே போத்தலுக்குள் ஏறும். உலர்ந்த கரண்டியில் வெளியே எடுத்துப் போடுங்கள். அடுப்புக்கு மேல் தட்டும் யன்னலோரமும் தூளுக்கு ஆகாத இடங்கள். இரண்டு கிழமைக்கு வேண்டியதைச் சின்னப் போத்தலிலும் மீதியை இறுக்கி மூடிப் பிரிட்ஜிலும் வைத்து, ஒவ்வொன்றிலும் அரைத்த திகதியை ஒட்டுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறக்காதீர்கள். வெளிப்புறத்தில் படியும் வியர்வை காய்ந்து, போத்தல் அறைச்சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திருகுங்கள்.